2.38 லட்சம் கி.மீ. ஓடிய ஃபார்ச்சூனர்: கிரவுன் ஆயிலை மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

ஆழியார்_ரோடு

வண்டி 2012 ஃபார்ச்சூனர் 3.0, 4×4, மேனுவல் கியர். ஓடோமீட்டர் 2,38,000. செகண்ட் ஹேண்ட். பழைய சர்வீஸ் பில்களில் எஞ்சின் ஆயில் மட்டும் ஒழுங்காக இருக்கு. கிரவுன் ஆயில் (ஆக்சில் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில்) மாற்றியதாக ஒரு வரி கூட இல்லை. ஓட்டம் பாதி சமதளம், பாதி வால்பாறை மலை ரோடு.

60–80 வேகத்தில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பின்பக்கம் மெல்லிசா "ஊ...ங்" என்று ஒரு இரைச்சல். கால் வைத்தால் அடங்கிவிடுகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது அடியில் ஒரு "டக்". கசிவு எதுவும் தரையில் சொட்டவில்லை.

ஒரு மெக்கானிக், "இவ்வளவு ஓடின ஹவுசிங்கைத் தொடாதீங்க, புது ஆயில் ஊத்தினா சத்தம் ஏறும்" என்கிறார். இன்னொருவர் 140 கிரேடு கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகிடும் என்கிறார். வீட்டிலேயே செய்ய இடம் இருக்கு, தரை சமமான சிமெண்ட். எந்த ஆயில், எத்தனை லிட்டர், எதைப் பார்த்துச் செய்யணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பேக்_ஆக்சில்

முதலில் அந்த "தொடாதீங்க" பேச்சு. அது பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் எச்சரிக்கை. தேய்ந்த கிளட்ச் தகடுகளின் துகள் ஆயிலில் கலந்து கிடக்கும், அதை எடுத்துவிட்டால் பிடிப்பு போய்விடும் என்ற பயம். உங்கள் ஹவுசிங்குக்குள் இருப்பது கிரவுன் வீல், அதைச் சுற்றும் சிறிய பினியன் கியர், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கும் ஸ்பைடர் கியர்கள், டேப்பர் பேரிங்குகள். எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இல்லாத ஹவுசிங்கில் உராய்ந்து பிடிக்க வேண்டிய பொருளே கிடையாது. பழைய ஆயிலால் அங்கே ஒரு நன்மையும் இல்லை. மாற்றிய பிறகு சத்தம் ஏறினால் ஒன்று அளவு குறைவாக ஊற்றியிருக்கிறார்கள், அல்லது தப்பான கிரேடு, அல்லது பேரிங் ஏற்கெனவே போய், கெட்டியான கசடு சத்தத்தை அமுக்கி வைத்திருந்தது. மூன்றிலும் புது ஆயில் மேல் பழி போடுவது வீண்.

டொயோட்டா இந்த வண்டிகளுக்குச் சொல்லும் இடைவெளி பொதுவாக 40,000 கி.மீ. மலை ரோடு, முழு லோடு, தண்ணீரில் இறங்குவது என்றால் அதில் பாதி. உங்கள் வண்டியில் இதற்குள் ஐந்து தடவை ஆயில் மாறியிருக்கணும்.

சத்தத்துக்கு வருவோம். கிரவுன் பல்லுக்கு இரண்டு முகம் உண்டு: எஞ்சின் இழுக்கும்போது ஒரு முகம் வேலை செய்யும், காலை எடுத்ததும் சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது மறு முகம். அழுத்தி ஓட்டும்போது மட்டும் ஊளை வந்தால் பல் தேய்மானம் அல்லது செட்டிங் கோளாறு என்று சந்தேகப்படலாம். காலை எடுக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் பினியன் பேரிங், அல்லது அதன் பிரீலோடு (பேரிங்கைப் பூட்டும்போதே கொடுக்கும் இறுக்கம்) தளர்ந்திருப்பது. உங்களுடையது இந்த இரண்டாவது ரகம். பினியன் சக்கரத்தைவிட மூன்றரை முதல் நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால் சத்தமும் "ஊ" என்று மெல்லிய குரலில் வரும். வீல் பேரிங் என்றால் "கர்ர்" என்ற கனத்த ஓசை, அதுவும் நீண்ட வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறையும். வளைவில் மட்டும் "டக் டக்" என்றால் ஸ்பைடர் கியர். நேர் ரோட்டில் ஒரே சீராக, வேகத்துக்கு ஏற்ப "டொக்... டொக்..." என்றால் பல் உடைந்திருக்கலாம், அதோடு ஓட்ட வேண்டாம்.

கிளம்பும்போது வரும் "டக்" வேறு விஷயம். பத்தில் எட்டு வண்டியில் அது பிராபலர் ஷாஃப்டின் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஸ்லிப் யோக், அதாவது நீண்டு சுருங்கும் இணைப்பு, காய்ந்துபோனதுதான். அடியில் படுத்துப் பாருங்கள், ஸ்லிப் யோக்கிலும் யூ-ஜாயிண்ட் கிராஸிலும் கிரீஸ் நிப்பிள் இருக்கும். கிராஸுக்கு லித்தியம் என்எல்ஜிஐ 2 (கிரீஸின் கெட்டித்தன்மை எண்), ஸ்லிப் யோக்குக்கு மாலிப்டினம் கலந்த அதே எண் கிரீஸ். கிராஸில் நான்கு மூலையிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கலாம். ஸ்லிப் யோக்கில் அப்படிச் செய்யாதீர்கள்: உள்ளே கிரீஸ் முட்டிக்கொண்டால் ஷாஃப்ட் உள்ளே போக இடமில்லாமல் ஆகி, பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பேரிங்கைத்தான் இடிக்கும். யோக் லேசாக நகரத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

இந்த வண்டி ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவ் என்பதையும் மறக்க வேண்டாம். தார், ஸ்கார்பியோ மாதிரி லீவர் போட்டால் மட்டும் முன்பக்கம் வேலை செய்யும் கதை இல்லை. முன் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) இரண்டுமே 2.38 லட்சமும் சேர்ந்து ஓடியவை. மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

டீசல்_தாத்தா

தம்பி, நான் சொல்றது லாரிக்காரன் கணக்கு. வெயில் ஊரு, வயசான வண்டி. 90 ஆயில் சூட்டுல தண்ணி மாதிரி ஆயிடும். 140 ஊத்திப் பாருங்க, சத்தம் பாதியா குறையும். காசும் கம்மி.

டார்க்_ரெஞ்ச்

தாத்தா, சத்தம் குறையும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 100 டிகிரி சூட்டில் 90 கிரேடின் தடிமன் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக், 140 என்றால் 24 முதல் 32.5. ஏறக்குறைய இரட்டிப்பு. பினியன் முன்பக்க பேரிங்குக்கு ஆயில் போவது கிரவுன் வீல் வாரி எறிவதால்தான். ஹவுசிங்கில் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக அது நுழையும். காலையில் ஆறிக் கிடக்கும் 140 அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஏற்கெனவே பினியன் பேரிங் சந்தேகத்தில் இருக்கும் வண்டிக்கு இது மருந்து இல்லை, வலி தெரியாமல் இருக்கப் போடும் ஊசி. 140 கேட்டு வடிவமைத்த லாரி ஆக்சிலுக்கு அது சரி.

கேட்டவருக்கு: டொயோட்டா இந்தத் தலைமுறைக்குச் சொன்னது ஹைபாய்டு கியர் ஆயில், ஏபிஐ ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தரக் குறியீடு), மைனஸ் 18 டிகிரிக்கு மேல் எஸ்ஏஇ 90. நம் ஊரில் 80டபிள்யூ-90 தாராளமாகப் போடலாம். சூட்டில் இரண்டுக்கும் தடிமன் வரம்பு ஒன்றே. செலவு பொருட்டில்லை என்றால் 75டபிள்யூ-90 சிந்தடிக், மலையில் நீண்ட இறக்கத்துக்கு நல்லது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 75டபிள்யூ-90, அதையே மூன்றுக்கும் ஊற்றினால் ஒரே டப்பாவோடு வேலை முடியும். ஜிஎல்-4 மட்டும் டிஃபரன்ஷியலில் போடவே கூடாது. ஹைபாய்டில் பினியனின் மையம் கிரவுன் மையத்துக்குக் கீழே தள்ளி இருப்பதால் பற்கள் உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழியும் இடத்தைக் காப்பது கந்தகம்-பாஸ்பரஸ் சேர்மானம். ஜிஎல்-4-ல் அது போதாது.

அளவு: பின்னதுக்குச் சுமார் 3 லிட்டர், முன்னதுக்குச் சுமார் ஒன்றரை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு லிட்டரை ஒட்டி. கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. 6 லிட்டர் வாங்கினால் போதும், 7 இருந்தால் நிம்மதி. கடைசி அளவைத் தீர்மானிப்பது லிட்டர் அல்ல, ஃபில்லர் ஓட்டை: ஆயில் மட்டம் ஓட்டையின் கீழ் விளிம்பில் இருந்து 5 மி.மீ.க்குள் இருக்கணும்.

வேண்டியவை: 24 மி.மீ. ஆறுமுனை சாக்கெட் (பன்னிரண்டு முனை வேண்டாம், தலை உருண்டுவிடும்), சாக்கெட் வகை 10 மி.மீ. ஆலன் பிட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், ஒவ்வொரு பிளக்குக்கும் புது வாஷர், ஆயில் கைப்பம்பு அல்லது ஒரு மீட்டர் டியூபும் புனலும், 5 லிட்டர் பிடிக்கும் தட்டு, வயர் பிரஷ்.

வண்டியைத் தூக்க வேண்டாம். அடியில் படுக்க இடம் இருக்கு, நான்கு சக்கரமும் சமதரையில் நின்றால்தான் மட்டம் சரியாக வரும். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு முன் டிஃபரன்ஷியலை நிரப்பினால் மட்டம் ஏமாற்றும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அதற்கு முன் 15 கி.மீ. ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சூட்டில் கசடு மிதந்து ஆயிலோடு வரும், ஆறினால் அடியில் தங்கிவிடும். எக்ஸாஸ்ட் பைப் பக்கம் கை ஜாக்கிரதை.

பிளக்கைச் சுற்றி மண்ணை வயர் பிரஷால் சுரண்டிவிட்டு முதலில் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள், டிரெயின் பிளக்கை அல்ல. இந்த ஒரு விதியை மீறியவர்கள்தான் ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேல் பிளக் அசையாமல், வண்டியை டோ பண்ணி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகிறார்கள். அசையவில்லை என்றால் துருநீக்கி எண்ணெய் அடித்து இரவு முழுக்க விடுங்கள், பிளக் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு, பிறகு பார் போட்டு ஒரே சீராக அழுத்தம். எம்பி எம்பி இழுக்காதீர்கள்.

பின்பக்கம் இரண்டுமே 24 மி.மீ. முன்பக்கம் 10 மி.மீ. ஆலன்; அதன் குழியில் சேறு கெட்டியாக உட்கார்ந்திருக்கும். முழுக்கக் குத்தி எடுத்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருப்புங்கள். "எல்" ஆலன் கீ போட்டால் குழி உருண்டுவிடும். உருண்டுவிட்டால் மேலே ஒரு நட்டை வெல்டு வைத்துக் கழற்றுவதுதான் வழி, அதற்கு ஆயிலை வைத்துக்கொண்டு வெல்டிங் செய்ய விடாதீர்கள்.

அரை மணி நேரம் சொட்டட்டும். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் சாதாரணம், இவ்வளவு தூரத்துக்கு விரல் நுனி அளவு கூட இருக்கலாம். அதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள்: வழவழப்பாக இருக்கணும். நெருடினால், செதில் செதிலாக மின்னினால் பேரிங் உரிகிறது. கூராகத் துண்டு கிடைத்தால் பல். வாசனை கந்தக நெடியாக இருப்பது இயல்பு. கருகிய வாடை இயல்பு இல்லை.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவச் சொல்வார்கள். வேண்டாம். ஆக்சில் குழாயிலும் பேரிங் குழியிலும் தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்க்க வைக்கும்.

புது வாஷரோடு டிரெயின் பிளக்: பின்பக்கம் 49 நியூட்டன் மீட்டர், முன்பக்க டிரெயின் 65, முன்பக்க ஃபில்லர் 39. இவற்றில் அனாபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவ வேண்டியதில்லை, வாஷர்தான் அடைக்கிறது. ஃபில்லர் ஓட்டையில் வழியும்வரை ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி விரலை மடக்கிப் பாருங்கள். ஆக்சில் குழாய்க்குள் ஆயில் பரவி மட்டம் இறங்கியிருக்கும். ஊற்றி மூடுங்கள். மறுநாள் ஓட்டம் முடிந்து ஆறியபின் ஒருமுறை திறந்து சரிபாருங்கள்.

எல்எஸ்டி இருக்கிறதா என்று தெரிய: பின்பக்கம் இரண்டு சக்கரமும் ஸ்டாண்டில், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் போனால் சாதாரண டிஃபரன்ஷியல். அதே திசையில் வந்தால் கிளட்ச் வகை எல்எஸ்டி; எல்எஸ்டி என்று டப்பாவில் எழுதியிருக்கும் ஜிஎல்-5 ஆயில்தான் அதற்கு. இந்தச் சோதனையில் முன் சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை கட்டாயம். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிடிக்கும், கியரும் நியூட்ரலில் இருக்கிறது, வேறு எதுவும் வண்டியைப் பிடித்து வைக்கவில்லை. பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டி கியர் போட்டுச் சத்தம் கேட்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஃபுல் டைம் வண்டியில் முன்சக்கரம் இழுத்து ஸ்டாண்டில் இருந்து குதித்துவிடும்.

பேக்_ஆக்சில்

மேலே சொன்னதோடு ஒன்று விட்டுப்போனது: பிரீதர். ஆயில் சூடானால் உள்ளே காற்று விரியும், அது வெளியேற ஹவுசிங்கின் மேல் ஒரு சிறு மூடி. பின்பக்கம் ஆக்சில் குழாயின் மேலேயே இருக்கும், சேறு காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அழுத்தம் ஆயில் சீல் வழியாக வழி தேடும். ஆக்சில் சீல் விட்டால் ஆயில் போய் இறங்குவது பிரேக் டிரம்மில், அதனால்தான் தரையில் சொட்டு தெரியாது. பின் டயரின் உள்பக்கச் சுவரில் ஈரக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மூடி விரலால் சுற்றினால் சுழலணும், லேசாகத் தூக்கணும். இறுகியிருந்தால் புதிது போடுங்கள், சின்ன சாமான்தான். சீல் மாற்றும்போது பிரீதரைப் பார்க்காமல் விட்டால் புது சீலும் ஆறு மாதத்தில் அழும்.

ஆழியார்_ரோடு

மூன்றையும் இறக்கியாச்சு. பின்பக்கம்: தார் மாதிரி கறுப்பு, காந்தத்தில் களிம்பு நிறைய, தேய்த்தால் வழவழப்புதான், ஒன்றிரண்டு மினுமினுப்பு மட்டும். பிரீதர் மூடி கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. பினியன் ஆயில் சீலைச் சுற்றி ஈரமும் மண்ணும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் நன்றாகவே இருந்தது. முன்பக்கம்தான் கவலை: ஆயில் பால் காபி நிறம்.

ஸ்லிப் யோக்குக்கு கிரீஸ் அடித்ததும் "டக்" போச்சு. இரைச்சல் குறைந்திருக்கு, ஆனால் இருக்கு.

முன்பக்கம் என்ன செய்யணும்? பினியன் சீலை இங்கே லோக்கலில் மாற்றலாமா?

டார்க்_ரெஞ்ச்

பால் காபி என்றால் தண்ணீர். சூடாக இருக்கும் ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ தளர்ந்த சீல் வழியாகவோ நீரை உறிஞ்சும். முன்பக்க பிரீதருக்கு ஒரு சிறு ஓஸ் மேலே போகும். அது எதுவரை போகிறது என்று கையால் தொடர்ந்து பாருங்கள். கழன்றோ வெடித்தோ இருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்ட் நுழையும் சீல்களையும் துடைத்துப் பாருங்கள்.

இப்போது ஊற்றியிருக்கும் நல்ல ஆயில் முன்பக்கத்தில் கழுவத்தான் உதவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கி.மீ. ஓட்டி, சூடாகவே இறக்குங்கள். மறுபடி வெளுத்திருந்தால் இன்னொரு தடவை, இதற்கு விலை குறைந்த மினரல் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 போதும். நிறம் தெளிந்த பிறகே நிரந்தர ஆயில். ஓஸைச் சரிசெய்யாமல் இதைச் செய்தால் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் இதே கதை. தண்ணீர் நீண்ட நாள் இருந்திருந்தால் பேரிங் உருளையில் துருக்குழி விழுந்திருக்கும். அது ஆயிலால் ஆறாது, முன்பக்கம் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

பேக்_ஆக்சில்

பினியன் சீல்: எங்கே மாற்றுகிறீர்கள் என்பதைவிட எப்படி மாற்றுகிறார்கள் என்று நின்று பாருங்கள். பினியன் நட்டுக்குப் பின்னால் நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு. நட் இறுகும் அளவுக்கு அது நசுங்கி, பேரிங் பிரீலோடு அங்கேதான் தீர்மானமாகிறது. ஏர் கன்னை வைத்து "டர்ர்ர்" என்று ஏற்றினால் ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கி, பேரிங் இறுகி, நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டத்தில் சூடேறிக் கருகும். நட்டைத் திருப்பித் தளர்த்தினால் நசுங்கிய ஸ்லீவ் பழையபடி நிமிராது, புதிது போட்டுத்தான் ஆகணும்.

ஆனால் உங்கள் வண்டியில் சீலை மட்டும் மாற்றச் சொல்ல மாட்டேன். முதலில் பிராபலர் ஷாஃப்டைப் பின் ஃபிளாஞ்சில் கழற்றுங்கள், 14 மி.மீ. நட் நான்கு. கழற்றும் முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு, அதே இடத்தில் திரும்பப் பூட்ட. பிறகு பினியன் ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுற்றுவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, அது பல்லிடைவெளி. மேலும் கீழும் துளி அசைந்தாலும் பேரிங் போய்விட்டது. அசையாமல், சுற்றும்போது கரகரப்பு மட்டும் தெரிந்தாலும் அதே தீர்ப்பு. இரைச்சல் காலை எடுக்கும்போது வந்ததையும், சீல் அழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

பேரிங் என்றால் முன், பின் பினியன் பேரிங், புது ஸ்லீவ், புது சீல், புது நட், எல்லாம் ஒரே தடவை. பினியன் ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) அளந்து அதே கனத்தில் போட வேண்டும். கிரவுனும் பினியனும் ஜோடி, மாற்றிப் போடக்கூடாது. பிரீலோடை முள் காட்டும் சிறிய டார்க் ரெஞ்சால் சுற்றி அளக்கிறவர், பல்லில் நீல மையோ மஞ்சள் பெயிண்டோ தடவித் தடம் பார்க்கிறவர் யார் என்று விசாரித்து அவரிடம் கொடுங்கள். "கை அனுபவத்தில் தெரியும்" என்றால் வேறு ஆள் பாருங்கள்.

ஆட்டமே இல்லை, கரகரப்பும் இல்லை என்றால் சீல் மட்டும் போதும்: நட், பினியன் தண்டு, ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்க்கோடு குத்தி, வெளியே தெரியும் மரையை எண்ணி, திரும்பப் பூட்டும்போது அதே கோட்டுக்கு வந்து இம்மியளவு மட்டும் தாண்டி நிறுத்தணும்.

டீசல்_தாத்தா

ஏர் கன் விஷயம் நூத்துக்கு நூறு. 140 பேச்சை வாபஸ் வாங்கல, ஆனா இந்த வண்டிக்கு வேணாம். நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமான்னும் பாத்துடுங்க தம்பி. ஃபுல் டைம் வண்டியில முன்ன பழசு, பின்ன புதுசுன்னு போட்டா நடு டிஃபரன்ஷியல் சும்மாவே சுத்திச் சூடாகும். கழட்டின ஆயிலைச் சாக்கடையில ஊத்தாம ஏதாச்சும் ஒர்க்‌ஷாப் பேரல்ல சேத்துடுங்க, மறுசுழற்சிக்கு எடுத்துக்குவாங்க.

ஆழியார்_ரோடு

ஃபிளாஞ்ச் கழற்றிப் பார்த்தேன். மேலும் கீழும் லேசான ஆட்டம், தெளிவாகக் கைக்குத் தெரிகிறது. பேரிங் செட்டாகவே மாற்றக் கொடுக்கிறேன். முன்பக்க பிரீதர் ஓஸ் மேல் முனையில் கழன்று பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டி கிளிப் போட்டாச்சு. முன்பக்கத்துக்கு இரண்டாவது ஆயில் நாளை இறக்குகிறேன்.

டார்க்_ரெஞ்ச்

பேரிங் வேலை முடிந்ததும் உள்ளே விழுந்த துகள் எல்லாம் புது ஆயிலில் சேரும். அந்த ஆயிலை 1,000 கி.மீ.யில் ஒருமுறை மாற்றிவிடுங்கள், 40,000 கணக்கை அதற்குப் பிறகு தொடங்கலாம். முதல் நாள் 20 கி.மீ. ஓட்டிவிட்டுப் பினியன் முனையைத் தொட்டுப் பாருங்கள்: கை வைத்திருக்க முடிந்தால் சரி, தொட்டதும் கையை எடுக்கத் தோன்றினால் பிரீலோடு அதிகம், அன்றைக்கே திருப்பிக் கொண்டு போங்கள்.